ஏகஜாலகம்

பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் திருவனந்தபுரத்துத் தமிழ் வீடுகளிலும் புழங்கும் மலையாளச் சொல். பிளஸ் ஒன் சேர்க்கைக்கு ஒரே விண்ணப்பம். கணினி இடம் ஒதுக்கும். 2007இல் இந்த மாவட்டத்தில்தான் சோதனையாகத் தொடங்கினார்கள். தமிழ்நாட்டில் ‘ஒற்றைச் சாளர முறை’ என்போம்.

ஏகம், ஒன்று. ஜாலம் வடமொழியில் வலை. வலைபோல் கண்விட்ட ஜன்னல் ஜாலகம். தமிழில் சாலகம். நம் ‘ஜன்னல்’ இதற்குப் பங்காளி போலத் தோன்றும், ஆனால் அது போர்ச்சுகீசிய ‘ஜனேலா’விலிருந்து வந்தது. பலகணி என்ற நம் சொல்லிலும் கண்கள்தான்; இந்த முறைக்கு அதுவே பொருத்தம் என்பேன்.

ஏனென்றால் ஜன்னல் ஒன்றானாலும் திறப்பது பல தவணை: முதலில் டிரயல் அலாட்மென்ட், பிறகு ஒவ்வொன்றாக மற்றவை. முதல் விருப்பம் கிடைத்தவர் கட்டணம் கட்டி நிரந்தரமாகச் சேர்ந்துவிட வேண்டும். கீழ் விருப்பம் கிடைத்தவருக்குத் ‘தாற்காலிகப் பிரவேசனம்’ உண்டு. சான்றிதழைப் பள்ளியில் ஒப்படைத்து, பணம் கட்டாமல், மேலே இடம் விழுமா என்று பார்த்திருக்கலாம். பிள்ளைகள் இதைத் தோல்வியாக எடுத்துக்கொண்டு முகம் வாடுகிறார்கள். உண்மையில் கைக்கு ஓர் இடம் வந்தாயிற்று. ‘இது வேண்டாம்’ என்று போகாமல் இருந்தால்தான் வினை: அடுத்த அலாட்மென்ட்டுகளில் பெயரே வராது.