பழைய ஸ்கூபா ரெகுலேட்டர்களின் பராமரிப்பும் உதிரிப் பாகங்களும்

முக்குளிப்பவர் முதுகில் சுமந்து செல்லும் உருளைக்குள் ஏறக்குறைய 200 பார் அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் காற்றை, அவர் எந்த ஆழத்தில் இருக்கிறாரோ அந்த ஆழத்து நீரழுத்தத்துக்குச் சமமாகக் குறைத்து, அவர் மூச்சை உள்ளிழுக்கும்போது மட்டும் வாய்க்கு வழங்கும் யந்திரமே ஸ்கூபா ரெகுலேட்டர். பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ஜாக் கூஸ்தோவும் ஏர் லிக்கீத் நிறுவனத்தின் பொறியியலாளர் எமில் கன்யானும் 1943ஆம் ஆண்டில் உருவாக்கிய அக்குவா-லங் தொடங்கி, 1980களின் முற்பகுதி வரையில் செய்யப்பட்டவற்றையே இக்கட்டுரை பழைய ரெகுலேட்டர்கள் என்று கொள்கிறது.

இவற்றுள் பெரும்பாலானவை குரோமியம் பூசிய பித்தளையால் ஆனவை. உப்பு நீரிலிருந்து எடுத்தவுடன் நல்ல நீரில் அலசி உலர்த்தப்பட்ட பித்தளை உடல், அதை வாங்கியவரின் ஆயுளையும் கடந்து நிற்கக்கூடியது. அழிவன யாவும் அதனுள்ளே இருக்கும் மெல்லிய பொருள்களே: ரப்பர் வளையங்கள், சவ்வு, வெளிமூச்சு வால்வு, வால்வு சீட். ஆகவே, ஒரு பழைய ரெகுலேட்டர் உயிரோடிருக்கிறதா இல்லையா என்ற கேள்வி, அதன் சீட்டும் சவ்வும் இன்று கிடைக்கின்றனவா என்ற கேள்வியே ஆகும். உலோகத்தின் பளபளப்பைக் கண்டு விலை பேசுகிறவர்கள் இதனை முதலில் மனத்திற்கொள்ள வேண்டும்.

அமைப்பைக் கொண்டு இவை இரு வகைப்படும். முதல் வகையாகிய இரட்டைக் குழாய் ரெகுலேட்டரில், யந்திரம் முழுவதும் பிடரிக்குப் பின்னால் உருளையின் மேலேயே அமைந்திருக்க, மடிப்புகளுடைய இரு ரப்பர்க் குழாய்கள் இரு தோள்களின் மேலாக வந்து வாய்ப்பகுதியில் கூடுகின்றன. யு.எஸ். டைவர்ஸ் நிறுவனத்தின் டி.ஏ. அக்குவா-மாஸ்டர், ராயல் அக்குவா-மாஸ்டர், மிஸ்ட்ரால் ஆகியவை இவ்வகையில் பிரசித்தமானவை. இரண்டாம் வகை ஒற்றைக் குழாய் ரெகுலேட்டர். மெல்போர்னைச் சேர்ந்த டெட் எல்ட்ரெட் 1952இல் விற்பனைக்குக் கொண்டுவந்த போர்ப்பாய்ஸ் இதற்கு முன்னோடி. உருளையின் மேல் முதற்கட்டமும் வாயில் இரண்டாம் கட்டமுமாகப் பிரிந்த இந்த அமைப்பே பின்னர் கான்ஷெல்ஃப், ஸ்கூபாப்ரோ மார்க் 5, சுவீடனின் பொசைடன் சைக்ளோன் ஆகியவற்றின் வாயிலாக உலகெங்கும் நிலைபெற்றது.

முதற்கட்டம் உருளையின் உயரழுத்தத்தைச் சுற்றுப்புற நீரழுத்தத்தைவிட ஏறக்குறைய 9 பார் அதிகமான இடையழுத்தத்துக்கு இறக்குகிறது. இதனைச் சில மாதிரிகளில் சவ்வும், மார்க் 5 போன்றவற்றில் பிஸ்டனும் செய்கின்றன. பிஸ்டனின் குழல் போன்ற தண்டின் கூரிய விளிம்பு ஒரு சிறு வட்டமான சீட்டின்மேல் அமர்ந்து காற்றை நிறுத்துகிறது. சவ்வு வகையிலோ உலோகத் துளையின் விளிம்பின்மேல் சீட் அமர்கிறது. பல்லாண்டு பயன்பட்ட சீட்டை வெளியே எடுத்து விளக்கின் முன் சாய்த்துப் பார்த்தால், அந்த விளிம்பு அழுந்திய வளையத் தடம் தெளிவாகத் தெரியும். தடம் எங்கும் ஒரே ஆழமாக இருந்தால் புதிய சீட் ஒன்றே போதும். ஓரிடத்தில் மட்டும் வெட்டு விழுந்திருந்தால், குற்றம் சீட்டினுடையது அன்று, விளிம்பினுடையது. உருப்பெருக்கிக் கண்ணாடியால் அந்த விளிம்பைப் பரிசோதிக்காமல் புதிய சீட் பொருத்துவது காசை வீணாக்குவதாகும்.

பிரிக்கும் வேலையில் அவசரம் கூடாது. ஓ-ரிங்குகளை எஃகு ஊசியால் கிளறி எடுப்பவர் அவை அமரும் பள்ளத்தில் கீறலை உண்டாக்குவார். பித்தளை ஊசியோ பிளாஸ்டிக் ஊசியோ தான் இதற்கு உரியது. காற்று நுழையும் வாயிலில் இருக்கும் கூம்பு வடிவ வெண்கல வடிகட்டி, பிரிப்பதற்கு முன்பே பல செய்திகளைச் சொல்லிவிடும்: அது பச்சை படிந்திருந்தால் உப்பு நீர் உள்ளே புகுந்திருக்கிறது, செம்பழுப்பாக இருந்தால் எஃகு உருளையின் துரு வந்து சேர்ந்திருக்கிறது. இரண்டிலும் வடிகட்டியை மாற்றிவிட வேண்டும். பித்தளைப் பாகங்களில் படிந்த களிம்பை நீக்க, வெள்ளை வினிகரையும் வெதுவெதுப்பான நீரையும் சரிபாதியாகக் கலந்து சில நிமிஷங்கள் ஊறவைப்பது வழக்கம். மீயொலித் தொட்டி இருந்தால் வேலை விரைவில் முடியும். நெடுநேரம் ஊறினால் பித்தளை இளஞ்சிவப்பாக மாறும், குரோமியப் பூச்சும் உரியும். பிறகு நல்ல நீரில் அலசி, உலர்த்தி, சிலிகோன் கிரீஸை ஓ-ரிங் மினுமினுக்கும் அளவுக்கு மட்டும் தடவ வேண்டும்.

பூட்டி முடித்த யந்திரத்தை நம்புவதற்குமுன் அளவுமானியின் சாட்சியைக் கேட்க வேண்டும். இடையழுத்தமானியை ஒரு துவாரத்தில் இணைத்து உருளையைத் திறந்தால், முள் குறித்த இடத்துக்கு ஏறி அங்கே அசையாமல் நிற்க வேண்டும். சில நிமிஷங்களில் முள் மெல்ல மெல்ல மேலே ஊர்ந்தால் சீட் சரியாக அடைக்கவில்லை என்பது நிச்சயம். இரண்டாம் கட்டத்துக்கு விலையுயர்ந்த கருவி அவசியமில்லை: வாய்ப்பகுதி மேல்நோக்கி இருக்கும்படி அதனை ஒரு நீர்த்தொட்டியில் மெதுவாக இறக்கினால், சவ்வு நீர்மட்டத்துக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் கீழே செல்லும்போது காற்று சீறத் தொடங்க வேண்டும். காற்றை மூடி, அழுத்தத்தை வெளியேற்றி, முதற்கட்டத்தின் வாயிலை மூடியால் அடைத்துவிட்டு வாயால் உறிஞ்சிப் பார்ப்பது மற்றொரு பரிசோதனை. அப்போது சிறிதும் காற்று வரலாகாது. வந்தால் சவ்விலோ வெளிமூச்சு வால்விலோ கசிவு இருக்கிறது; அந்த வழியே நாளை நீர் வரும்.

உதிரிப் பாகங்களைத் தேடுகிறவருக்கு ஓ-ரிங் ஒரு கவலையே அன்று. ஏ.எஸ். 568 என்ற தர வரிசைப்படி அளவிடப்பட்ட அவை, யந்திரத் தொழிலுக்குப் பொருள் விற்கும் எந்தக் கடையிலும் எண்ணைச் சொன்னால் கிடைக்கும். பொதுவான இடங்களுக்கு 70 கடினமுள்ள நைட்ரைல் ரப்பரும், உயரழுத்தத்தைத் தாங்கி அசையும் இடங்களில் பலவற்றுக்கு 90 கடினமுள்ளதும் ஏற்றவை. சிரமமெல்லாம் சீட், சவ்வு, ஸ்பிரிங் ஆகியவற்றிலேதான். இவற்றை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி செய்தது. ஆயினும் ஒரே குடும்பத்து மாதிரிகளிடையே பாகங்கள் பொதுவாக இருப்பது பெரும் உதவி. ராயல் அக்குவா-மாஸ்டரின் உயரழுத்த சீட்டும் கான்ஷெல்ஃபின் சீட்டும் ஒன்றே. கான்ஷெல்ஃப் பல பத்தாண்டுகள் விற்பனையில் நீடித்ததால் அதன் மூத்த உடன்பிறப்பும் பிழைத்தது. ஸ்கூபாப்ரோவின் 109 என்ற இரண்டாம் கட்டத்தைப் பிற்காலத்துப் பாகங்களைக் கொண்டு சமநிலைப்படுத்திய 156ஆக மாற்ற முடிகிறது. மாறாக, மாரெஸ் நிறுவனம் வாங்கியபின் வழக்கொழிந்த டேக்கர் போன்ற பெயர்களைத் தாங்கிய ரெகுலேட்டர்களுக்கு, அதே மாதிரியில் இன்னொன்றை வாங்கி அதிலிருந்து பாகம் எடுப்பதைத் தவிர வழி அரிது.

இரட்டைக் குழாய் ரெகுலேட்டர்களின் நிலை வியப்புக்குரியது. மிகப் பழையவையாக இருந்தும், அவற்றின்மேல் பிரியம் கொண்ட சிறு பட்டறைகள் அமெரிக்காவில் தோன்றி, சவ்வு, வாத்தலகு வடிவமான வெளிமூச்சு வால்வு, மடிப்புக் குழாய் ஆகியவற்றைப் புதிதாகச் செய்து தருகின்றன. பழைய இயற்கை ரப்பர் பிசுபிசுத்தோ வெடித்தோ போகும் இடத்தில், அந்த வால்வும் சவ்வும் இன்று சிலிகோனில் வருகின்றன. அழுத்தமானியையும் மாற்று வாய்ப்பகுதியையும் இணைக்க இடமில்லாத பழைய உடலில், அதற்கான துவாரங்களுடன் புதிதாகக் கடைந்த பகுதியையும் பொருத்திக்கொள்ளலாம். வெறும் அழகுக்கன்றி உண்மையாகவே நீரில் இறங்க விரும்புகிறவர் இந்த மாற்றத்தைத் தயங்காமல் செய்துகொள்ள வேண்டும்.

இரு விஷயங்களில் ஜாக்கிரதை தேவை. பல ஆண்டுகளாக உறை பிரிக்காமல் கிடந்த பழைய பாகப் பொட்டலங்களில் உலோகம் புதியதாக இருக்கலாம், ரப்பர் புதியதன்று. மேலும், பழைய முதற்கட்டங்களில் உயரழுத்தத் துவாரமும் தாழ்வழுத்தத் துவாரமும் ஒரே 3/8 அங்குல அளவில் இருந்தன. உயரழுத்தத்துக்கு 7/16 என்ற தனியளவு பிற்பாடு வந்ததே. தாழ்வழுத்தக் குழாயைத் தவறுதலாக உயரழுத்தத் துவாரத்தில் திருகினால் குழாய் வெடிக்கும்.

பாகங்களையும் பழுதுபார்க்கும் கையேடுகளையும் அங்கீகரித்த விற்பனையாளர்களுக்கு மட்டுமே தருவது நிறுவனங்களில் பலவற்றின் வழக்கம். உயிரோடு சம்பந்தப்பட்ட யந்திரமாதலால், விற்பனையில் இருக்கும் மாதிரிகளைப் பொறுத்தவரை இதற்கு நியாயம் உண்டு. ஆனால் தாமே கைவிட்ட மாதிரிகளின் கையேடுகளையும் அளவுகளையும் பூட்டிவைப்பதால், முறைப்படி செய்யக்கூடிய பழுதுபார்ப்பு ஊகத்தின்பாற்படுகிறது. அவற்றை வெளியிட்டுவிடுவதே நிறுவனங்களுக்கு உரிய கடமை. பயிற்சி இல்லாதவர் இவ்வேலையில் கைவைக்கலாகாது. பயின்றவரும், தாம் சீர்செய்த ரெகுலேட்டரை முதன்முறையாக, நின்றால் தலை நீருக்கு வெளியே இருக்கும் ஆழத்திலேயே, துணை ஒருவருடன் பரிசோதித்துப் பார்க்க வேண்டும். அதில் தேறிய பிறகே கடலுக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.