கணப்பும் கரியும்

உதகமண்டலத்திலோ கொடைக்கானலிலோ ஆங்கிலேயர் கட்டிய பழைய மாளிகைகளைக் கண்டிருப்பவர்கள், கூரைக்கு மேலே செங்கற் புகைபோக்கி நிமிர்ந்து நிற்பதைக் கவனித்திருக்கக்கூடும். உள்ளே கூடத்துச் சுவரில் கணப்பு இருக்கும். அதில் எழும் புகை சுவருக்குள்ளேயே மேலேறிக் கூரைக்கு வெளியே போய்விடும். மிக எளிய அமைப்புத்தான். ஆனால், ஆங்கிலேயரின் தாய்நாட்டில் அதன் வரலாறு அத்துணை எளியதன்று.

இடைக்கால இங்கிலாந்தில் வீட்டின் நடுவே தரைமீது தீ மூட்டிக் குளிர் காய்ந்தனர். புகையிற் பாதி கூரைத் துளை வழியே போகும். மற்றப் பாதி வீட்டாரின் கண்களைக் கரிக்கும். பதினாறாம் நூற்றாண்டில் சுவரோடு இணைந்த கணப்பும் புகைபோக்கியும் நடுத்தர மக்களின் வீடுகளுக்கும் வந்தன. எஸ்ஸெக்ஸ் பகுதியில் பாதிரியாராக இருந்த வில்லியம் ஹாரிசன், 1577இல் வெளிவந்த தம் நூலில், ஊர் முதியோர் கண்டு வியந்த மாறுதல்களுள் ஒன்றாகப் புகைபோக்கிகளின் பெருக்கத்தைக் குறிப்பிடுகிறார்.

பெருகிவிட்ட பொருளின்மீது அரசின் கண் படாமல் இருக்குமா? இரண்டாம் சார்லஸ் மன்னர் காலத்தில், 1662இல், கணப்பு வரி பிறந்தது. கணப்பு ஒன்றுக்கு ஆண்டுக்கு இரண்டு ஷில்லிங் செலுத்த வேண்டும். வறியவர்க்கு விலக்கு உண்டு. எனினும் அதிகாரிகள் வீட்டுக்குள் புகுந்து கணப்புகளை எண்ணியதை மக்கள் அடியோடு வெறுத்தனர். 1689இல் அரியணையேறிய வில்லியமும் மேரியும் இவ்வரியை ஒழித்து நற்பெயர் பெற்றனர்.

அவர்கள் அரியணையேறிய கதையிலும் குளிர்காயும் கருவி ஒன்றுக்கு இடமுண்டு. நீண்ட பிடியும் மூடியும் உடைய உலோகச் சட்டியில் தணலை இட்டு, உறங்கப் போகுமுன் படுக்கை விரிப்புகளுக்கிடையே அதனை இழுத்துச் சூடேற்றுவது அந்நாட்டு வழக்கம். 1688 ஜூன் மாதத்தில் இரண்டாம் ஜேம்ஸ் மன்னருக்கு மகன் பிறந்தபோது, அவன் அரசியின் பிள்ளையே அல்லன். வேறொரு குழந்தையை இத்தகைய சட்டிக்குள் வைத்துப் பள்ளியறைக்குள் கடத்திவிட்டனர் என்று மன்னரின் பகைவர் பரப்பினர். சட்டிக்குள் பிள்ளை அடங்குமா என்று எண்ணிப் பார்த்தவர் சிலரே. அவ்வாண்டு முடிவதற்குள் மன்னர் நாட்டை விட்டு ஓடினார். வதந்தி மட்டுமே அதற்குக் காரணமன்று. ஆயினும் அதற்கும் அதில் ஒரு பங்கு இருந்தது.

இதற்கிடையே விறகு விலையேறிவிட்டதால், இலண்டன் மக்கள் நிலக்கரிக்கு மாறியிருந்தனர். நிலக்கரித் தீக்கு அகன்ற வழி ஆகாது. குறுகிய வழியே புகையை நன்கு இழுக்கும். எனவே பல மாடி வீடுகளில் 14 அங்குல நீளமும் 9 அங்குல அகலமுமே உள்ள புகைவழிகள் சுவருக்குள் வளைந்து வளைந்து ஏறின. அவற்றில் ஒட்டடைக்கரி படியும், துடைக்காவிடில் தீப்பற்றும். அவ்வளவு குறுகிய வழியில் யார் நுழைவது? குழந்தைகள்தாம்.

ஐந்து, ஆறு வயதுச் சிறுவர்களை ஏழைப் பெற்றோரிடமிருந்தும் அநாதைகளைப் பேணிய ஊர்ச் சபைகளிடமிருந்தும் துடைப்புத் தொழிலாளர்கள் பெற்றனர். முழங்காலையும் முழங்கையையும் சுவரில் ஊன்றிச் சிறுவன் இருட்டில் ஏறவேண்டும். தோல் உரியும். உரிந்த இடம் காய்த்துப் போவதற்காக, கடுமையான உப்புநீரைத் தேய்த்துத் தீயருகே நிறுத்துவார்கள் என்று 1863இல் விசாரணைக் குழுவின்முன் ஒரு தொழிலாளரே சான்று கூறினார். வளைவில் சிக்கி மூச்சடைத்து இறந்தோர் பலர். தப்பியவர்களையும் ஒருவகைப் புற்றுநோய் பிற்காலத்தில் தொடர்ந்தது; அந்நோய்க்குக் கரியே காரணமென்று பெர்சிவல் பாட் என்னும் அறுவை மருத்துவர் 1775இல் எழுதினார். ஒரு தொழிலுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டிய முதற் குறிப்பு அதுவே என்பர்.

எட்டு வயதுக்குட்பட்டோரை இத்தொழிலில் சேர்க்கலாகாது என்று 1788இல் சட்டம் வந்தது; நிறைவேற்றுவார் இல்லை. மாற்று வழி இல்லாமலும் இல்லை. துண்டு துண்டாக இணையும் கழிகளின் நுனியில் தூரிகை பொருத்திய கருவியை ஜார்ஜ் ஸ்மார்ட் என்பவர் 1803ஐ ஒட்டி அமைத்துவிட்டார். ஆனால் அது வளைவுகளில் செல்லாது, கரி சிந்தி விரிப்புகள் பாழாகும் என்றனர் வீட்டுக்காரர்கள். வளைவுகளைத் திருத்தினால் செல்லும். அதற்குப் பணம் வேண்டும். சிறுவர்கள் மலிவு. பிரபுக்கள் சபை தடைச் சட்டத்தை ஏற்க மறுத்த 1819ஆம் ஆண்டிலும் இதே வாதந்தான் வென்றது. இருபத்தொரு வயதுக்குட்பட்ட எவரும் ஏறலாகாதென்று 1840இல் விதித்த பின்னும் சிறுவர்கள் ஏறிக்கொண்டே இருந்தனர். சட்டம் இயற்றிய கனவான்களின் வீடுகளிலும் புகைபோக்கிகள் இருந்தன அல்லவா?

1875இல் கேம்பிரிட்ஜுக்கு அருகேயுள்ள புல்போர்ன் மனநோய் மருத்துவமனையில் ஜார்ஜ் புரூஸ்டர் என்னும் 11 வயதுச் சிறுவன் புகைவழியில் சிக்கினான். சுவரை இடித்து வெளியே எடுத்தனர். சிறிது நேரத்தில் உயிர் பிரிந்தது. அவனை ஏற்றியவருக்கு ஆறு மாதக் கடுங்காவல் கிடைத்தது. பல்லாண்டுகளாகப் போராடி வந்த ஷாப்ட்ஸ்பரி பிரபு, இச்சாவை நாடாளுமன்றத்தின் முன் வைத்தார். துடைப்புத் தொழிலாளர் ஒவ்வொருவரும் காவல்துறையிடம் உரிமம் பெறவேண்டும், சிறுவரை ஏற்றினால் உரிமம் போய்விடும் என்ற சட்டம் அவ்வாண்டிலேயே நிறைவேறியது. அதன்பின் இங்கிலாந்தின் புகைபோக்கிகளைத் துடைத்தவை கழியில் பொருத்திய தூரிகைகளே. அவை எழுபது ஆண்டுகளுக்கு முன்பே கடையில் கிடைத்தவை.