பகல் துயில்

1931இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. ஏரியும் வயலும் சூழ்ந்திருந்த பல்லாவரம், தாம்பரம் பகுதிகளின் வாழ்வு மெல்ல நகரத்து அலுவலகக் கடிகாரத்தோடு பிணைந்தது. உச்சிவெயிலில் திண்ணையில் கண்ணயர்வது குறைந்து, இரவு மட்டுமே உறக்கத்திற்கு உரியதாயிற்று.

அந்த இரவு போதுமா? பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது வேண்டும் என்பர் மருத்துவர்; ஆளுக்கு ஆள் அளவு மாறும். சென்னையின் எளிய உழைப்பாளர் 452 பேரை ஆராய்ந்து 2021இல் வெளியான ஆய்வொன்று நம்மைச் சிந்திக்க வைக்கிறது. அவர்கள் 8 மணி நேரம் படுத்திருந்தும் உறங்கியது 5½ மணி நேரமே. வெக்கையும் கொசுவும் இரைச்சலும் துயிலைத் துண்டாக்கின. இரவுத் தூக்கத்தை 27 நிமிடம் கூட்டியும் பயன் தென்படவில்லை. பணியிடத்தில் பகலில் சற்றே கண்ணயர்ந்தோரின் கவனமும் வேலைத்திறனும் உயர்ந்தன.

மரநிழலில் துண்டை விரித்துச் சாயும் உழைப்பாளியைச் சோம்பேறி என்றழைக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?