தோலை வாசித்தவர்கள்

எக்ஸ்-கதிர்ப் படத்தைப் புகைப்படம் என்று நினைப்பது மயக்கம். பொருளுக்குள் புகுந்து சிதறும் கதிரின் செறிவு மட்டுமே பிலிமில் பதிகிறது. அலைகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு முன்பின்னாக வந்தன என்ற தகவல் வழியிலேயே தொலைந்துபோகிறது. மிஞ்சுபவை சில புள்ளிகள், வளைவுகள். அவற்றிலிருந்து அமைப்பை எழுப்புவது ஒரு வாசிப்பு. வாசிப்பு என்று வந்துவிட்டால், யாருடைய வாசிப்பு செல்லும் என்ற கேள்வியும் கூடவே வந்துவிடும்.

1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்த ஜி.என். ராமச்சந்திரன், பெர்னாலின் தூண்டுதலில் கொலாஜனைக் கையிலெடுத்தார். தோல், தசைநாண், எலும்பு எல்லாவற்றையும் தாங்கும் புரதம் அது. பக்கத்திலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம். மாதிரிகள் அங்கிருந்து கிடைத்தன. கங்காரு வாலின் நாண் தெளிவான படம் தந்தது. 1954-இல் அவரும் கோபிநாத் கர்த்தாவும் முன்வைத்தது: மூன்று சங்கிலிகள், ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின். 1955-இல் அதை முறுக்கிய கயிறாகத் திருத்தினார்கள். அதே ஆண்டு ரிச்சும் கிரிக்கும் கேம்பிரிட்ஜிலிருந்து மறுத்தார்கள்: அணுக்கள் நெருக்கியடிக்கின்றன; மூன்று அமிலங்களுக்கு ஹைட்ரஜன் பிணைப்பு இரண்டல்ல, ஒன்றே. நேரடிப் பிணைப்பு ஒன்றுதான் என்பதை 1994-இன் படிக ஆய்வு உறுதிசெய்தது. மூன்று சங்கிலியும் கிளைசினும் நிலைத்தன. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்ற அந்தச் சண்டையிலிருந்துதான் 1963-இன் ராமச்சந்திரன் வரைபடம் பிறந்தது.

சென்னையின் வாசிப்பைக் கேம்பிரிட்ஜ் ஓரங்கட்டியது என்ற ஆதங்கம் நம்மிடம் உண்டு. நியாயம்தான். ஆனா எனக்கு உறுத்துவது வேறு. அந்தத் தோல் நிறுவனம் எதன்மேல் எழுந்தது? ஆம்பூர், திண்டுக்கல் தோல் ஷாப்புகளின் உழைப்பின்மேல். சுண்ணாம்புக் குழியில் இறங்கி, மயிர் நீக்கி, ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறப்போட்டு, பதம் வந்தாச்சா என்று விரலால் தடவியே சொல்லும் தொழிலாளி ஒருவர் அங்கே இருந்தார். பட்டையிலுள்ள டானின் கொலாஜனைப் பற்றிக் கட்டுவதால்தான் தோல் அழுகாமல் நிற்கிறது. அந்தக் கட்டு விழுந்ததை அவர் விரல் வாசித்தது. சாதி அதைத் தொழில் என்றது, தீட்டு என்றது. அறிவு என்று மட்டும் சொல்லவில்லை.

சிறுகோணச் சிதறலில் கொலாஜன் இழை ஏறத்தாழ 65 முதல் 67 நானோமீட்டருக்கு ஒருமுறை திரும்ப வரும் ஒழுங்காகத் தெரிகிறது. மாட்டுத் தோலோ மனிதத் தோலோ, ஒழுங்கு ஒன்றே. இதைக் காட்டிச் சாதி பொய்யென்று நிரூபிச்சாச்சு என முடிப்பது சுலபம். சாதி என்றைக்கு எக்ஸ்-கதிரைக் கேட்டு உருவானது?

கேம்பிரிட்ஜிடம் நாம் கேட்கும் நியாயத்தை, சுண்ணாம்புக் குழியிலிருந்து ஒருவர் நம்மிடம் கேட்டால் என்ன பதில் வைத்திருக்கிறோம்?