புரியும் மரையும்

போல்ட்டின் உடலிலும் நட்டின் உட்சுவரிலும் சுற்றிச் சுற்றி ஏறும் வரிப்பள்ளத்தைப் பாடநூல்கள் ‘புரி’ என்றும் பட்டறைகள் ‘மரை’ என்றும் வழங்குகின்றன. முறுக்கு, முறுக்கிய இழை என்னும் பொருளுடைய ‘புரி’, முப்புரிநூல், வலம்புரிச்சங்கு ஆகியவற்றில் நெடுங்காலமாக வழங்குவது. அடுத்தடுத்த இரு வரிகளுக்கிடையிலான தொலைவைக் குறிக்கும் ‘புரியிடைத் தூரம்’ அதிலிருந்து ஆக்கப்பட்ட கலைச்சொல். ஆயினும் ‘மரை கழன்றவன்’ என்று மனிதரையே ஏசும் அளவுக்குப் பேச்சில் வேரூன்றியது மரைதான்.

பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்களில் வினையாவது இந்தப் புரியிடைத் தூரமே: 5/16 அங்குல பி.எஸ்.எஃப். (பிரிட்டிஷ் நுண்புரித் தர) போல்ட்டில் அங்குலத்திற்கு 22 புரிகள், அதாவது ஏறத்தாழ 1.15 மி.மீ. இடைவெளி இருக்க, பருமனில் அதனையொத்த 8 மி.மீ. மெட்ரிக் போல்ட்டின் வழக்கமான இடைவெளி 1.25 மி.மீ. என்பதால், பின்னதை ஸ்பானரால் வலிந்து முறுக்கும்போது அலுமினியத் துளையின் மரை போய்விடுகிறது. துளைக்குரிய டேப்பை, அதாவது மரை வெட்டும் கைக்கருவியை, எண்ணெயிட்டு அரைச் சுற்று முன்னும் கால் சுற்றுப் பின்னுமாகத் திருப்பிச் சீவல்களை உடைத்து வெளியேற்றும் பொறுமையான வேலையே ‘டேப் போடுதல்’. நசுங்கிய வரியை அது நேராக்குமேயன்றி உதிர்ந்த உலோகத்தை மீட்டுத் தராது; அந்நிலையில் துளையைப் பெரிதாக்கிக் கம்பிச்சுருள் மரையைப் பொருத்த வேண்டும்.