ஒரு இன்டர்ஃபேஸ் கோப்பு விட்டுக் கோப்பு போன கதை

2012 அக்டோபர் 1 அன்று மைக்ரோசாஃப்ட் டைப்ஸ்கிரிப்ட் மொழியை 0.8 பதிப்பாக வெளியிட்டபோதே இன்டர்ஃபேஸ் அதில் இருந்தது. ஒரு பொருளில் என்னென்ன புலங்கள் இருக்க வேண்டும், எது எந்த வகை என்று சொல்லிவிட்டால் அதன் வேலை முடிந்தது. ஆனால் ஒரு கோப்பில் எழுதிய இன்டர்ஃபேஸ் இன்னொரு கோப்புக்கு எப்படித் தெரியவரும்? டைப்ஸ்கிரிப்ட்டை வடிவமைத்த ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்குக்கு இது பழகிய கேள்வி. 1987-ல் வந்த அவருடைய டர்போ பாஸ்கல் 4.0, ஒவ்வொரு யூனிட்டையும் வெளியே காட்டும் பகுதி, உள்ளே வைத்துக்கொள்ளும் பகுதி என்று இரண்டாகப் பிரித்திருந்தது. டைப்ஸ்கிரிப்ட்டில் அந்த வசதி அவருக்கு வாய்க்கவில்லை. டைப்ஸ்கிரிப்ட் ஜாவாஸ்கிரிப்ட்டின் மேல்தான் நிற்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட்டின் தர வரையறையிலோ அன்று மாட்யூல் என்ற ஒன்றே கிடையாது.

அதனால் முதல் சில வருடங்கள் பல திட்டங்களில் இன்டர்ஃபேஸ் பொதுவெளியில்தான் வாழ்ந்தது. இம்போர்ட்டோ எக்ஸ்போர்ட்டோ இல்லாத கோப்பில் எழுதியது எல்லாக் கோப்புகளுக்கும் பொது. கோப்பின் தலையில் மூன்று சாய்கோடு போட்டு, 'ரெஃபரன்ஸ் பாத்' என்று எழுதி, இந்தக் கோப்பையும் சேர்த்துப் படி என்று கம்பைலருக்குச் சொல்வார்கள். திட்டம் வளர வளர அந்த வரிகளும் பெருகின. அவற்றை மட்டும் அடுக்கி வைக்கவே தனிக் கோப்பு வைத்திருந்த திட்டங்கள் உண்டு.

பொதுவெளியின் உண்மையான ஆபத்து வேறு. ஒரே பெயரில் இரண்டு இன்டர்ஃபேஸ் இருந்தால் டைப்ஸ்கிரிப்ட் தடுக்காது. சத்தமில்லாமல் இரண்டையும் ஒன்றாக்கிவிடும். சபா கச்சேரிகளைப் பட்டியலிடும் ஒரு நிரலில் 'ஈவென்ட்' என்ற இன்டர்ஃபேஸை எழுதி, தலைப்பு, தேதி என்று இரண்டு புலங்கள் கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள். பிரவுசருக்கென்று டைப்ஸ்கிரிப்ட்டோடு வரும் அறிவிப்புக் கோப்பிலும் ஒரு 'ஈவென்ட்' இருக்கிறது, மவுஸ் கிளிக்குக்கும் விசை அழுத்தத்துக்கும் உரியது. இரண்டும் கலந்துவிடும். ஒரு கச்சேரியைப் பதியப் போனால், 'பபிள்ஸ்' புலம் எங்கே, 'கேன்சலபிள்' புலம் எங்கே என்று கம்பைலர் நம்மிடம் கேட்கும். பிழை காட்டும் இடம் ஒன்று, பிழை பிறந்த இடம் வேறு. இதனால்தான் பொதுவெளி இன்டர்ஃபேஸை நான் வசதி என்று ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் இந்தக் கலக்கும் குணத்துக்கும் பயன் உண்டு: பிறர் எழுதிய நூலகத்தின் வகையில் நமக்கு வேண்டிய ஒரு புலத்தைச் சேர்க்க இதுதான் வழி.

2015-ல் ஜாவாஸ்கிரிப்ட்டுக்கே மாட்யூல் வந்தது. அதே ஆண்டு டைப்ஸ்கிரிப்ட் 1.5 அதை ஏற்றுக்கொண்டு, தன் பழைய உள் மாட்யூல்களுக்கு நேம்ஸ்பேஸ் என்று பெயர் மாற்றியது. இப்போது இன்டர்ஃபேஸுக்குச் சொந்த வீடு கிடைத்தது: எழுதிய கோப்பில் எக்ஸ்போர்ட், வேண்டிய கோப்பில் இம்போர்ட். நம்முடைய 'ஈவென்ட்' எங்கிருந்து வருகிறது என்பதற்கு இம்போர்ட் வரியே சாட்சி. இந்த மாற்றத்தில் சறுக்கியவர்களும் பலர். பொதுவாக இருந்த அறிவிப்புக் கோப்பில் ஒரே ஒரு இம்போர்ட் வரியைச் சேர்த்தால் போதும், அது மாட்யூலாகிவிடும். அதுவரை எல்லோருக்கும் தெரிந்த பெயர்கள் மற்ற கோப்புகளிலிருந்து மறைந்துவிடும். அவற்றை மீண்டும் பொதுவாக்க 'டிக்ளேர் குளோபல்' என்று தனியாக எழுத வேண்டும்.

திட்டத்தின் எல்லையைத் தாண்டியும் இன்டர்ஃபேஸ் பயணித்தது. டைப்ஸ்கிரிப்ட் வந்த 2012-லேயே போரிஸ் யான்கோவ் கிட்ஹப்பில் டெஃபினிட்லிடைப்ட் என்ற களஞ்சியத்தைத் தொடங்கினார். ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுதிய நூலகங்களுக்கு, அவற்றின் மூலநிரலில் கை வைக்காமல், வகை அறிவிப்புகளை மட்டும் பிறர் எழுதிச் சேர்த்த இடம் அது. அவற்றை இறக்கிக்கொள்ள முதலில் டிஎஸ்டி, பிறகு டைப்பிங்ஸ் என்று தனிக் கருவிகள் இருந்தன. 2016 செப்டம்பரில் டைப்ஸ்கிரிப்ட் 2.0 வந்தபின் அவை தேவைப்படவில்லை. '@டைப்ஸ்' என்ற முன்னொட்டோடு என்பிஎம்மில் நிறுவினால் கம்பைலரே கண்டுகொள்ளும். முகம் தெரியாத ஆயிரக்கணக்கானோரின் உழைப்பு அங்கே இருக்கிறது. மொழி பரவியதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கருத்து.

இவ்வளவு தூரம் வந்தாலும், ஓடும் நிரலுக்குள் இன்டர்ஃபேஸ் நுழைவதே இல்லை. கம்பைலர் ஜாவாஸ்கிரிப்ட்டை எழுதும்போது இன்டர்ஃபேஸையும், வகைக்காக மட்டும் எடுத்த இம்போர்ட்டையும் அழித்துவிடும். எதை அழிக்கலாம் என்று தெரிய அது எல்லாக் கோப்புகளையும் பார்த்தாக வேண்டும். டைப்ஸ்கிரிப்ட்டை ஜாவாஸ்கிரிப்ட்டாக மாற்றும் பேபல் போன்ற கருவிகளோ ஒரு நேரத்தில் ஒரு கோப்பைத்தான் பார்க்கும். ஒரு பெயரை வாங்கி அப்படியே வெளியே கொடுக்கும் கோப்பில், அந்தப் பெயர் இன்டர்ஃபேஸா, உண்மையான மதிப்பா என்று அவற்றுக்குத் தெரியாது. 2020 பிப்ரவரியில் வந்த 3.8 பதிப்பு 'இம்போர்ட் டைப்', 'எக்ஸ்போர்ட் டைப்' என்று வெளிப்படையாக எழுத வழி செய்தது. 2023-ல் 5.0 பதிப்பு கொண்டுவந்த ஓர் அமைப்பைப் போட்டுவிட்டால், 'டைப்' என்று குறித்த இம்போர்ட் மட்டும் அழியும், குறிக்காதது அப்படியே நிற்கும்.

இன்று நோட்.ஜேஎஸ்ஸின் புதிய பதிப்புகள் டைப்ஸ்கிரிப்ட் கோப்பை நேராகவே ஓட்டுகின்றன. வகைகளை நீக்கிவிட்டு ஓட்டுவதோடு சரி, சரிபார்ப்பதில்லை. அங்கே 'டைப்' என்ற சொல்லை விட்டுவிட்டு ஓர் இன்டர்ஃபேஸை இம்போர்ட் செய்தால், அந்தப் பெயரில் எதையும் அந்தக் கோப்பு தரவில்லை என்ற பிழையோடு, முதல் வரி ஓடுவதற்கு முன்பே நிரல் நின்றுவிடும்.