அடையாறும் சோழமண்டலமும்: நவீன ஓவியத்தில் மறைஞானக் குறிகள்

நவீன ஓவியத்துக்குள் மறைஞானக் குறிகள் நுழைந்த வரலாற்றில் சென்னைக் கடற்கரைக்கு இரண்டு முறை இடம் உண்டு. முதலாவது அடையாறு. மறைஞானத்தை ஆராய்ந்த பிரம்மஞான சபை 1882-இல் தன் தலைமையகத்தை அங்கே அமைத்தது. பின்னாளில் அதன் தலைவரான அன்னி பெசன்ட், சக உறுப்பினர் லெட்பீட்டருடன் சேர்ந்து எழுதிய 'எண்ண வடிவங்கள்' நூல், ஒவ்வோர் உணர்ச்சிக்கும் நிறமும் வடிவமும் உண்டு என்றது. பக்திக்கு நீலம், அறிவுக்கு மஞ்சள், வன்மத்துக்குக் கறுப்பு என 25 நிறங்களுக்குப் பொருள் சொல்லும் அட்டவணையும் அதில் இருந்தது. பொருள்களின் உருவத்தை விட்டு விலகத் துணிந்த ஐரோப்பிய ஓவியர்களுக்கு இத்தகைய சிந்தனை பெரிய திறப்பாக அமைந்தது. அவர்களில் மோந்திரியான் 1909-இல் சபையில் சேர்ந்தார். காண்டின்ஸ்கி 1911-இல் வெளியிட்ட நூலில் சபையை மதிப்புடன் குறிப்பிட்டார்.

இரண்டாவது இடம் வேறு வழியாக வந்தது. கோயம்புத்தூரில் 1911-இல் பிறந்த கே.சி.எஸ். பணிக்கர், சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்தபோது, 1963-இல் 'சொற்களும் குறிகளும்' என்ற வரிசையைத் தொடங்கினார். எண்ணும் எழுத்தும் கோடும் நெருங்கிக் கிடந்த ஒரு மாணவரின் கணக்கு நோட்டே இதற்குத் தூண்டுதல் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் கித்தானில் வந்து அமர்ந்தவற்றுள் முதன்மையானது ஜாதகம்: தமிழர் வீடுகளில் பத்திரப்படுத்தப்படும் அதே ராசிக்கட்டம். அதைச் சுற்றி ஓலைச்சுவடியில் உள்ளதுபோல நெருக்கிய வரிகள், கூட்டல் குறிகள், பறவைகள், விலங்குகள். எழுத்து மலையாளம் போலத் தோன்றும். படிக்க முயன்றால் பெரும்பாலும் பிடிபடாது. கட்டம் உண்டு, பலன் இல்லை. நம்பிக்கையைக் கழித்துவிட்டு, புரியாத ஏடு தரும் ஈர்ப்பை மட்டும் நிறுத்திக்கொண்டதுதான் பணிக்கரின் பெரும் சாதனை.

1966-இல் அவர் தலைமையில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் எழுந்தது. பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் விற்ற வருவாயே ஓவியர்களைத் தாங்கியது. அங்கிருந்த ஓவியர் கே.வி. ஹரிதாசன் தன் ஆசான் பணிக்கருக்கு எதிர்த்திசையில் போனார். முக்கோணம், தாமரை இதழ், பிந்து என்னும் மையப்புள்ளி எனத் தந்திர வழிபாட்டு வரைபடமான யந்திரத்தின் உறுப்புகளை, தியானப் பொருளோடு சேர்த்தே வரைந்தார். அஜித் முகர்ஜியின் 'தந்திரக் கலை' நூலும் அதே 1966-இல்தான் வெளிவந்தது. டெல்லியில் ஓவியர் ஜி.ஆர். சந்தோஷ் போன்றோரும் இவ்வழியில் வர, 'நவ தந்திரம்' என்ற பெயர் நிலைத்தது. 1985-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் இதற்கெனத் தனிக் கண்காட்சியே நடந்தது.

பணிக்கர் 1977-இல் மறைந்தார். அவருடைய ஓவியங்களின் பெருந்தொகுப்பு திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் உள்ளது. அவருடைய காலத்துச் சென்னை ஓவியர்களின் படைப்புகளைச் சோழமண்டலத்து அருங்காட்சியகத்திலேயே காணலாம்.